ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள்: மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொங்குப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக வேலை செய்கிறேன். முகாமிலும் பால் சொசைட்டி வாசலிலும் கட்டுத்தறியிலும் மக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொல்லும் பதில் யாருக்கும் முழுசாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஊசி கேக்காம போச்சுன்னா, அது மாட்டோட உடம்புக் கோளாறுங்களா?

இல்லை. மாறியது மாடு அல்ல, கிருமி. மாட்டின் குடலிலும் மடியிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ சில, ஒரு மருந்துக்குச் சாகாத குணத்தோடு ஏற்கெனவே இருக்கும். மருந்து போட்டதும் மற்றவை செத்துவிடும். இந்தச் சில மட்டும் மிஞ்சி, காலியான இடத்தில் பெருகும். அடுத்த முறை அதே மருந்தைப் போட்டால் பலன் தெரியாது.

எனவே, "என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்வது சரியல்ல. மருந்தே சாப்பிடாத ஒருவருக்கும் இந்தக் கிருமி வந்து ஒட்டிக்கொள்ளலாம். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

காய்ச்சல்னாலே ஆண்டிபயாடிக் போட்டாத்தானே நிக்கும்?

ஆண்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். கோமாரி, தோல் கழலை, மாட்டுக்கு வரும் மூன்று நாள் காய்ச்சல், ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் எல்லாமே வைரஸ் நோய்கள். ஆண்டிபயாடிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்று நாள் காய்ச்சல் பெயருக்கேற்ப மூன்று நாளில் தானாகவே இறங்கும். அதற்குள் ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும்.

சில சமயம் வைரஸ் நோயிலும் நாங்கள் ஆண்டிபயாடிக் போடுவது உண்டு. கோமாரிப் புண்ணில் சீழ் வைத்தாலோ, சளி நுரையீரலுக்கு இறங்கினாலோ, பின்னால் வந்து சேர்ந்த பாக்டீரியாவுக்காகப் போடுகிறோம். அது தேவையா என்று மாட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். கோமாரிக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி இருக்கிறது. காலத்தில் போட்ட தடுப்பூசி பல ஆண்டிபயாடிக் ஊசிகளை மிச்சப்படுத்தும்.

மாட்டு மருந்து வேற, மனுச மருந்து வேற இல்லீங்களா?

பாட்டிலும் அளவும் வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்து. டெராமைசின் என்று எல்லோரும் சொல்லும் ஆக்சிடெட்ராசைக்ளின், அமாக்சிசிலின், ஜென்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன் ஆகியவை இரண்டு பக்கமும் ஓடுகின்றன. கால்நடைகளுக்கு என்றே விற்கப்படும் என்ரோஃப்ளாக்சசின் மாட்டின் உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் டைஃபாய்டுக்கும் மனிதர்களுக்குக் கொடுத்துவந்த அதே சிப்ரோதான்.

கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005-ல் நிறுத்தியதற்கு இதுதான் காரணம். கோழியின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காமல் வளர்ந்த கிருமி, கறி வழியாக மக்களுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்தது. அவர்களுக்கு சிப்ரோ கேட்கவில்லை.

மாட்டு வயித்துல இருக்கற கிருமி என் வயித்துக்கு எப்படிங்க வரும்?

பெரும்பாலும் கை வழியாக. பால் கறக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மடியை ஈரத் துணியால் துடைப்பார்கள், அதே துணி அடுத்த மாட்டுக்கும் போகும். காம்பு வழுக்குவதற்காக விரலைப் பால் நுரையில் நனைத்துக்கொள்வார்கள். நடுவில் மாடு வாலை வீசும், சாணி முகத்தில் தெறிக்கும், முழங்கையால் துடைத்துக்கொள்வார்கள். கறந்து முடித்ததும் கையைச் சேலையிலோ துண்டிலோ துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். சோப்பு என்பது பல வீடுகளில் கட்டுத்தறிக்கு வருவதே இல்லை.

வேறு வழிகளும் உண்டு: பச்சைப் பால், கோழியைத் தோல் உரித்து அறுத்த பலகையிலேயே நறுக்கும் தக்காளி, கோழிக்கூண்டைக் கூட்டும்போது எழும் தூசி, மழைக்குச் சாணிக்குழி வழிந்து கிணற்றில் கலப்பது, ஈ. இப்படி வரும் கிருமி பல நேரம் உடனே நோயைக் கொடுக்காது. பல மாதம் குடலிலோ மூக்கிலோ சும்மா இருக்கும். உங்களுக்கு ஒரு அறுவைச் சிகிச்சை, ஒரு சிறுநீர்த் தொற்று, ஒரு பிரசவம் என்று வரும்போதுதான் அது தொல்லையாக மாறும். தொற்றிய நாளும் நோய் வந்த நாளும் வெகுதூரம் தள்ளி இருப்பதால் யாருக்கும் கட்டுத்தறி ஞாபகத்துக்கு வருவதில்லை.

இது நெசமாவே எங்காவது நடந்திருக்கா, இல்ல சும்மா பயமுறுத்தறீங்களா?

நடந்திருக்கிறது, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் ஒரு பண்ணையில் செய்த ஆய்வு 1976-ல் வெளியானது. கோழிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம் போட்டார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடல் கிருமிகளில் ஏறக்குறைய எல்லாமே மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன. ஐந்தாறு மாதத்தில் பண்ணையில் குடியிருந்த குடும்பத்தாரின் மலத்திலும் அடங்காத கிருமிகள் பெருகியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. அந்தக் குடும்பத்தார் மருந்தைத் தொட்டுக்கூட விழுங்கவில்லை, கோழிகளோடு வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். தீவனத்தில் ஒரு மருந்தைத்தான் கலந்தார்கள். ஆனால் தீவனத்தில் இல்லாத வேறு மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் கிடைத்தன.

இன்னொன்று நெதர்லாந்தில். 2000-களின் தொடக்கத்தில், ஒரு கைக்குழந்தைக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பு வழக்கமான சோதனை செய்தபோது, எம்.ஆர்.எஸ்.ஏ என்ற அடங்காத கிருமி இருப்பது தெரிந்தது. அந்த நாட்டில் அது மிக அரிது. குழந்தை எங்கிருந்து வாங்கியது என்று தேடிப் போனால், பெற்றோர் பன்றி வளர்ப்பவர்கள். அந்தப் பகுதியின் மற்ற பன்றி வளர்ப்பவர்களைச் சோதித்ததில், பொதுமக்களைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக அந்தக் கிருமி அவர்களிடம் இருந்தது.

கிருமி வராட்டியும் அதோட குணம் மட்டும் தாவிடும்னு சொல்றாங்களே, அது எப்படி?

இதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம். மருந்தைத் தாங்கும் குணம் பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிடி விதை கொடுப்பது போல, ஒரு பாக்டீரியா அதன் நகலை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது வேறு இனக் கிருமியாகக்கூட இருக்கலாம். மாட்டிலிருந்து வந்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா உங்கள் குடலில் இரண்டு நாள் மட்டும் தங்கிவிட்டுப் போனாலும் போதும், போவதற்குள் அந்த வளையத்தை உங்கள் சொந்தக் கிருமிக்குக் கொடுத்திருக்கலாம்.

கொலிஸ்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு ஐ.சி.யூ-வில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. அதே மருந்தைப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினைத் தாங்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி, பன்றி, கடை இறைச்சி, ஆஸ்பத்திரி நோயாளிகள் என்று மூன்று இடத்திலும் இருப்பதை அறிவித்தார்கள். அதன் பிறகு பல நாடுகளில் தேடியபோது அங்கும் இருந்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. பழைய சரக்கு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

அப்போ எங்ககிட்ட இருந்து மாட்டுக்குப் போகாதுங்களா? பழி எல்லாம் எங்க மாட்டு மேலேயே வருதே.

நியாயமான கேள்வி. போகும். மேலே சொன்ன நெதர்லாந்துப் பன்றிக் கிருமியின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அதன் மூதாதை மனிதர்களிடம் இருந்த சாதாரணக் கிருமி என்று 2012-ல் சொன்னார்கள். மனிதனிடமிருந்து பன்றிக்குப் போய், பண்ணையில் மருந்துகளைத் தாங்கும் குணத்தை வாங்கிக்கொண்டு, திரும்ப மனிதனிடம் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக்கடைகளிலும் மனிதர்களுக்குத் தேவையில்லாமல் கொடுக்கும் ஆண்டிபயாடிக்தான் மனிதர்களிடம் அடங்காத கிருமிகள் பெருகப் பெரும்பங்கு காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கால்நடைகளிலிருந்து வருவது எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் விவாதம் நடக்கிறது, இடத்துக்கு இடமும் அது மாறும். ஆனால் ஒரே கூரையின் கீழ் மாடும் மனிதரும் இருக்கும் நம் வீடுகளில் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது. மாடு வளர்ப்பவரைக் குற்றவாளியாக்குவது எனக்குச் சம்மதமில்லை. முதலில் அடிபடப்போவதும் அவர் குடும்பம்தான்.

பாலை நல்லாக் காய்ச்சிட்டா எல்லாம் செத்துடுமில்ல?

கிருமி செத்துவிடும். அடங்காத கிருமியும் மற்றதைப் போலவே கொதியில் செத்துப்போகும். வெப்பத்தைத் தாங்குவதற்கும் மருந்தைத் தாங்குவதற்கும் சம்பந்தமில்லை. அதனால் பச்சைப் பால் குடிக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கறந்த சூட்டோடு கொடுக்காதீர்கள்.

ஆனால் பாலில் கலந்த மருந்து காய்ச்சினால் முழுவதும் போகாது. இதை வீட்டுப் பெண்கள் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்: "டாக்டர், ஊசி போட்டதுல இருந்து தயிர் சரியா உறையலை" என்பார்கள். பாலைத் தயிராக உறைய வைப்பதும் பாக்டீரியாதான், பாலில் இருக்கும் மருந்து அதைக் கொன்றுவிடுகிறது. மருந்து அட்டையில் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அப்படிக் குறிப்பிட்ட காலம் இல்லாத மருந்துக்கு, நம் நாட்டு விதிப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல.

அந்தப் பாலைக் கீழ ஊத்த மனசு வரலை. கன்னுக்குட்டிக்கு விட்டுடலாமா?

மனசு வராது, எனக்குத் தெரியும். ஒரு வாரப் பால் பணம் போனால் தீவனக் கடன் நிற்கும். ஆனாலும் கன்றுக்கு விடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கலந்த பால் கன்றின் குடலுக்குப் போனால், முதல் பதிலில் சொன்னபடி அடங்காத கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகுவது அங்கே நாள்தோறும் நடக்கும். இப்படிப்பட்ட பால் குடித்த கன்றுகளின் சாணத்தில் அடங்காத கிருமிகள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கன்றின் வாய்க்குள் விரல் விட்டுப் பால் பழக்குவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பாலை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். ஒரு குழியில் ஊற்றி மண் தள்ளுங்கள். சிகிச்சை தொடங்கும்போதே, "இதற்கு எத்தனை நாள் பால் விலக்கணும், குறைவான நாள் விலக்கும் மருந்து வேற இருக்கா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல நேரம் இருக்கும். கேட்டால்தான் நாங்களும் யோசிப்போம்.

அஞ்சு நாள் ஊசின்னாங்க. ரெண்டாம் நாளே மாடு அசை போட ஆரம்பிச்சிடுச்சு. மிச்சத்தை எடுத்து வச்சுக்கலாமா?

எத்தனை நாள் என்பதை அன்றைய நிலையைப் பார்த்து மருத்துவர் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். மடி நோயிலும் கர்ப்பப்பை அழற்சியிலும் மாடு தேறியது போல் தெரிந்த பிறகும் கிருமி உள்ளே இருக்கும். இன்னொன்று அளவு. 400 கிலோ கலப்பினப் பசுவுக்கு 250 கிலோ என்று நினைத்துப் போடும் ஊசி, கிருமியைக் கொல்லாமல் பயிற்சி கொடுத்துவிட்டு வருகிறது. நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்தாலே எடை ஓரளவு தெரிந்துவிடும்.

மிச்சம் வைப்பதைப் பற்றி: பல கொட்டகைகளில் சுவர் மேல், ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவில் ஒரு பாட்டில் செருகி இருக்கும். ரப்பர் மூடி முழுக்க ஊசித் துளை, உள்ளே கருத்துப்போன ஆக்சிடெட்ராசைக்ளின். வெயிலும் சூடும் பட்டு வீரியம் போயிருக்கும். அதை எடுத்து இன்னொரு மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடுவதைவிட, போடாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

மருந்துக்கடையில கேட்டாலே குடுக்கறாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் மாடு தாங்குமா?

ராத்திரி பதினொரு மணிக்கு மாடு படுத்துவிட்டால் தவிப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். மருத்துவர்கள் போதாது என்பதும் உண்மை, அதை மறைக்க முடியாது. முதலில் 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண். வண்டி வரத் தாமதமானாலும் போனிலேயே என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

கடைக்காரர் கொடுப்பது பெரும்பாலும் கையில் இருப்பதிலேயே பெரிய மருந்து. செஃப்ட்ரியாக்சோன் அப்படித்தான் சாதாரணக் கழிச்சலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. கன்றுக் கழிச்சலில் உயிரைக் காப்பது முதலில் தண்ணீரும் உப்பும்தான். மனிதப் பிள்ளைக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கன்றுக்கும் கொடுக்கலாம். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ ஆண்டிபயாடிக் தேவைப்படலாம், அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

மடி நோய்க்கு ஊசி இல்லாம வழியே இல்லீங்களா?

ஆரம்பக் கட்டத்தில் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழி மருத்துவத்தை ஆராய்ந்து பரப்பினார். மடி நோய்க்கு அவர் சொன்னது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கக் கறந்துவிட்டு மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். தேசிய பால்வள வாரியமும் இதைப் பால் சங்கங்களில் பரப்பியது. ஒரு நாளைக்கு இரண்டு முறை பூசிவிட்டு "கேக்கலை" என்று சொல்பவர்கள் அதிகம். மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலோடு நின்றால், மடி நீலம் பாய்ந்து சில்லிட்டால், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். கறப்பதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. முதல் இரண்டு பீச்சைக் கருப்புத் தட்டில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பாருங்கள். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். உடனே தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடுவதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி எளிதில் ஏறிவிடும். மடி நோய் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள்.

கோழித் தீவனத்துல கலக்கறது வளர்ச்சிக்குத்தானே, நோய்க்கு இல்லையே?

அதனால்தான் ஆபத்து அதிகம். நோய்க்குப் போடுவது சில நாள், வளர்ச்சிக்குப் போடுவது வாழ்நாள் முழுக்க, அதுவும் கிருமியைக் கொல்லாத சிறு அளவில். லெவி பண்ணையில் நடந்தது நினைவிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் முழுவதும் நிறுத்தியது. டென்மார்க் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நெதர்லாந்து 2009-க்குப் பிறகு பண்ணைகளில் ஆண்டிபயாடிக் விற்பனையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. அங்கே பண்ணைத் தொழில் அழிந்துவிடவில்லை.

புறக்கடையில் பத்துக் கோழி வளர்ப்பவர் கடையில் மூட்டைத் தீவனம் வாங்கினால் சீட்டைப் படியுங்கள், புரியாவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சாணத்தை வயலுக்குப் போடலாமா, வேண்டாமா?

போடுங்கள், மக்கிய பிறகு. டெட்ராசைக்ளின் வகை மருந்தின் பெரும்பகுதி மாட்டின் சிறுநீரிலும் சாணத்திலும் அப்படியே வெளியே வரும். குவித்து, ஈரம் வைத்து, அவ்வப்போது புரட்டினால் குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். பெரும்பாலான கிருமிகள் அதில் செத்துவிடும், மருந்தும் வெகுவாகச் சிதையும். பச்சைச் சாணத்தைக் கொத்தமல்லி, தக்காளி மாதிரி பச்சையாகத் தின்னும் பயிருக்குப் போட வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் மாட்டின் சாணத்தைத் தனியாகக் குவித்து வையுங்கள்.

வீட்ல கைக்குழந்தை இருக்கு, அம்மாவுக்குச் சர்க்கரை வேற. மாட்டை வித்துடணுங்களா?

வேண்டவே வேண்டாம். மாடு உங்கள் வருமானம், குழந்தையின் பாலும் அதுதான். அம்மாவுக்குக் காலில் புண் இருந்தால் கொட்டகைக்கு வெறுங்காலோடு போக விடாதீர்கள். குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவுங்கள், கொட்டகைத் துணியை மாற்றுங்கள். நோய்க் கன்றைக் குளிர் என்று வீட்டுக்குள் கட்டும் பழக்கம் உண்டு, அதை மட்டும் விடுங்கள். வெளியே சாக்குப் படுதா கட்டி, வைக்கோல் போட்டால் குளிர் தாங்கும்.

அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "எங்க வீட்டுல மாடு, கோழி இருக்கு" என்று சொல்லுங்கள். நெதர்லாந்தில் பன்றி வளர்ப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதலில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மற்ற நோயாளிகளோடு வைக்கிறார்கள். நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. நீங்கள் சொன்னால், காய்ச்சல் இறங்காதபோது மருத்துவருக்கு ஒரு துப்பு கிடைக்கும்.

ஊரே போடுது. நான் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆகப்போகுதுங்க?

உங்கள் வீட்டில் ஆகும். லெவி ஆய்வில் மருந்து கலந்த தீவனத்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துச் சோதித்த பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமியே தென்படவில்லை. எல்லாக் கிருமியும் இவ்வளவு சீக்கிரம் பின்வாங்காது, சில பிளாஸ்மிட்கள் மருந்து இல்லாமலும் வருஷக்கணக்கில் தங்கும். ஆனால் நிறுத்தினால் குறையும் வாய்ப்பு இருக்கிறது, நிறுத்தாவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

எந்த ஊசி கேக்கும்னு போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா?

முடியும். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம், மாவட்டங்களில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவையும் கேட்கலாம். திரும்பத் திரும்ப மடி நோய் வரும் மாட்டுக்கு இது கட்டாயம் தேவை.

மாதிரி எடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் சில பீச்சைக் கீழே விட்டுவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய சின்னப் பாட்டிலில் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துப் பீச்சுங்கள். கை பாட்டில் வாயில் படக் கூடாது. மாட்டுப் பெயரையும் எந்தக் காம்பு என்பதையும் ஒட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் மருத்துவர் ஒரு மருந்தைத் தொடங்கியிருப்பார், முடிவைப் பார்த்துத் தொடரவோ மாற்றவோ செய்வார்.